நான் தோய்த்துப் போட்ட சீலைகள்

என் மச்சாளின் மிளகாய்க் கன்றுகளைச் சாகடித்தவள் நான். உறைபனி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் கூடவே நின்று சொன்னேன்.

மிளகாய்க் கன்றுக்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்! நானும் பல காலம் அப்படிச் சிரித்துத்தான் சமாளித்தேன்... கன்று பட்டுப்போனதற்கு யார் அழப்போகிறார்கள்? ஆனால் அந்தக் கன்றுகளோடு ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவிருந்த தனி வீடும் போனது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில், டண்டினோங் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. நான் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன்; வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மகள் ரதிக்கு ஒன்றரை வயது. அவளைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா, செல்வராணி மச்சாள். யாழ்ப்பாணத்தில் புருஷனை இழந்து தனித்துப்போனவரை என் கணவர்தான் இங்கே கூப்பிட்டு எடுத்தார்.

ஒடுங்கிப்போன விதவை என்று கற்பனை செய்துவிடாதீர்கள். வாயென்றால் வாய்! என் சம்பலில் தொடங்கி என் தலைமுடி, ரதியின் சப்பாத்து வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் வைத்திருப்பார். ரதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லை வைத்தே ரொட்டி விற்க வரும் பாண்காரனோடு சண்டை பிடித்து வெல்வார்.

அந்த நாளில் இந்த ஊரில் உறைப்புக்குப் பெரிய பஞ்சம். கடையில் மிளகாய்த்தூள் என்று விற்றதைச் செங்கல் தூளென்று சொல்லித் தந்தாலும் நம்பியிருப்போம். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த செத்தல் மிளகாயை உதறி, அந்த விதையில்தான் மச்சாள் தொடங்கினார். பிறகு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண்ணிடம் நீள மிளகாய் விதை. மலேசியாவிலிருந்து படிக்க வந்த பையனிடம் கொச்சிக்காய். ஹங்கேரிக்காரி ஒருத்தியிடம் மஞ்சள் மிளகாய். உருண்டை, சப்பட்டை, கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று... எங்கே, யாரிடம் கண்டாலும் விதை கேட்காமல் திரும்பமாட்டார்.

அந்தக் குளிரில் மிளகாய் வளர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மிளகாய் சூடு தேடுகிற செடி. இங்கே பருவம் தலைகீழ்; மார்கழியில்தான் கோடை. எங்கள் மலையடிவாரத்திலோ கார்த்திகை மாதம் வரைக்கும் மண் சில்லிட்டுக் கிடக்கும். ஆகவே ஆவணியிலேயே விதைகளை ஈரத்துணியில் முடிந்து ரீ.வி. பெட்டியின் தலையில் வைப்பார். அந்தக் காலத்து ரீ.வி. அடுப்புப் போலச் சுடும்.

"அக்கா, ஒருத்தரும் பாக்காமல் ரீ.வி. சும்மா ஓடுது," என்பார் என் கணவர்.

"ஏன்ரா தம்பி, மிளகாய் பாக்குதுதானே!"

முளைத்ததும் தயிர்ப் பேணிகளுக்கும் பால் பெட்டிகளுக்கும் மாறும். யன்னல் விளிம்பெல்லாம் கன்று. குளியலறையிலும் கன்று. ரதியைக் குளிப்பாட்டும்போது நான்கு தரம் "கவனம்!" என்று சத்தம் வரும், அதுவும் கன்றுக்காக. ஐப்பசி பிறந்தால் பின்வளவில் பலகை அடித்து, பகலில் வெயிலுக்கு வெளியே வைத்துப் பழக்குவார். பின்னேரமானால் தடி நட்டு, மேலே தன் பழைய வொயில் சீலைகளை இரண்டு மடிப்பாகப் போர்த்துவார். நிறநிறமான சீலைகள். புருஷன் போன பிறகு உடுத்தாமல் பெட்டியில் கிடந்தவை. "நான்தான் கட்டேலாது, கொச்சிக்காயாவது கட்டட்டும்," என்று சொல்லிச் சிரிப்பார். கேட்டவர்களுக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாது.

கன்றுகளுக்கெல்லாம் எங்கள் உறவுக்காரரின் பெயர்தான். உறைப்பில் ஆளைக் கொல்வது 'கனகம் மாமி'. மளமளவென்று வளர்ந்து ஒன்றும் காய்க்காதது 'தம்பி', அதாவது என் கணவர். பளபளவென்று கொழுத்த குடைமிளகாய்க்குப் 'பவானி' என்று என் பெயர். "பாக்க வடிவு, உறைப்பு மருந்துக்குமில்லை!" விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோபம் வந்ததா? வந்தது, கொஞ்சம். ஆனால் அதற்காக நான் அதைச் செய்யவில்லை. அதற்காகச் செய்திருந்தால் பரவாயில்லை என்றுகூடச் சில வேளை நினைத்ததுண்டு.

காரணம் நகரத்தின் மறுகோடியில், மேற்கே இருக்கும் வெரிபீயிலிருந்து வந்தது. அங்கே பூக்கோவா பயிரிடும் நீனோ என்ற இத்தாலியக் கிழவர், சந்தையில் மச்சாள் கூடையில் வைத்திருந்த போன வருடத்துக் கனகம் மாமியைக் கடித்துவிட்டார். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாராம். இடுப்பு நாரி பிடித்துப்போய்த் தனியாகத் தோட்டம் செய்ய முடியாத மனிதர். நல்ல கன்றாக நூறு கொண்டு வந்தால் தோட்டத்தின் ஒரு மூலையைத் தருவதாகச் சொன்னார். விளைச்சலில் ஆளுக்குப் பாதி. பக்கத்திலே ஒற்றை அறை வீடு ஒன்று சும்மா கிடக்கிறது, அதிலே இருக்கலாம் என்றும் சொன்னார். அடுத்த ஞாயிறு வந்து கன்றுகளைப் பார்ப்பதாகப் பேச்சு.

மச்சாள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பவானி, ஒரு அறைதான். எண்டாலும் என்ரை திறப்பாலை என்ரை கதவைத் திறப்பன்!"

எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான். "அப்ப ரதியை என்ன செய்யிறது மச்சாள்?"

அவர் என் கையை விடவில்லை. கோபமே இல்லை. "அது உம்மடை பிள்ளை பவானி. நீர்தான் ஒரு வழி பாக்கவேணும்."

நியாயம்தானே? முழு நியாயம்! அதுதான் என்னைச் சுட்டது. பிள்ளையை விட இடமில்லாத ஊர். மச்சாள் போனால் நான் வேலையை விடவேண்டும். இத்தனை படித்து, இத்தனை தூரம் வந்து, கடைசியில் குசினியில் அடுப்போடா? என்னைப்பற்றி மட்டும்தான் யோசித்தேன். அவர் எங்கள் குசினியிலேயே இருப்பதைப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் எழவில்லை.

அந்த வாரம் மச்சாள் சிட்னிக்குப் போகவேண்டியிருந்தது. சித்தப்பா மகளின் குழந்தைக்கு முப்பத்தொன்று. துடக்குக் கழிக்கிற நாளுக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்று வருந்திக் கேட்டிருந்தார்கள். வியாழன் பின்னேரம் ரயில், சனி காலை திரும்பிவிடுவார்.

"பின்னேரம் மறக்காமல் சீலையாலை மூடிவிடும். வேறை ஒண்டும் வேண்டாம். போயிட்டு வாறன்," என்றார். இவ்வளவுதான் என்னிடம் கேட்டது.

வெள்ளிக்கிழமை ரதிக்காக லீவு எடுத்திருந்தேன். காலையில் சீலைகளை எடுத்துக் கன்றுகளுக்கு வெயில் காட்டினேன். வீடு துடைத்தேன். வெள்ளிக்கிழமை வீடு துப்புரவாக்குவதும் உடுப்புத் தோய்ப்பதும் எங்கள் வழக்கம். யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். சீலைகளும் ஊத்தைதான். ஓரமெல்லாம் சேறு. பிறகு நான் எல்லோருக்கும் சொன்ன கதையில் முழுதாக உண்மையான பகுதி அந்தச் சேறு ஒன்றுதான்.

காலையிலேயே தோய்த்திருந்தால் காய்ந்திருக்கும். மத்தியானச் செய்தி வரும்வரை நான் காத்திருந்தேன். மலையடிவாரங்களில் இன்றிரவு உறைபனி விழும் என்று வானொலியில் சொன்னார்கள். கேட்டுவிட்டு, ரதியைத் தூங்கப்போட்டுவிட்டு, சீலைகளைத் தண்ணீரில் அமுக்கினேன். அமுக்கும்போது என் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

பொழுது சாய்கையில் வானத்தில் ஒரு முகிலும் இல்லை. கொடியில் சீலைகள் தண்ணீர் சொட்டிக்கொண்டு தொங்கின. குசினிக் கதிரையில் ரதியை இருத்தி அவளுக்குச் சோறு தீத்தினேன். யன்னலால் கன்றுகள் தெரிந்தன. வரிசை வரிசையாக, தலை நிமிர்ந்து... கணவர் பின்னேர வேலையில் இருந்தார். அலுமாரியில் கம்பளிகள் இருந்தன. இரண்டல்ல, நாலைந்து! எழுந்து போய் எடுத்துப் போர்த்த எவ்வளவு நேரம் பிடிக்கும்? பேணிகளைத் தூக்கி உள்ளே வைக்கத்தான் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

யன்னல் திரையை இழுத்துவிட்டேன். நான் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

விடிந்து பார்த்தபோது கன்றுகள் அவித்த கீரையாகக் கிடந்தன. கொடியிலே சீலைகள் பலகைபோல விறைத்து நின்றன.

மச்சாளை ஸ்ரேசனிலிருந்து என் கணவர் கூட்டிவந்தார். பையை வைக்காமலே நேரே பின்வளவுக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன்.

"சீலையள் ஊத்தையாக் கிடக்குதெண்டு தோய்ச்சுப் போட்டன் மச்சாள்... காயேல்லை... பனி கொட்டுமெண்டு ஆர் கண்டது!"

அழுதேன். நடிப்பென்று நினைக்காதீர்கள், நிசமாகவே அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மச்சாள் ஒவ்வொரு பேணியாகத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ, கனகம் மாமியும் போயிட்டா..." என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அப்படியே ஈரத்தரையில் குந்திவிட்டார். கடைசியில் எழுந்து வந்து என் முதுகைத் தடவினார்.

"அழாதையும் பவானி. நீர் நல்லதெண்டு நினைச்சுத்தானே செய்தனீர்."

ஞாயிறு நீனோ வந்தார். பார்த்தார், உச்சுக்கொட்டினார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி விதைத்தால் குளிர் திரும்பமுன் காய் பழுக்காது என்பது அவருக்கும் தெரியும், மச்சாளுக்கும் தெரியும். மூலை நிலத்தைச் சும்மா போட்டுவைக்க முடியாது என்று மருமகனிடம் பூக்கோவா நடக் கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் தோட்டத்தையே விற்றுவிட்டதாகக் கேள்வி.

என் வேலை நிரந்தரமானது. மச்சாள் எங்களோடேயே இருந்தார். நாலைந்து சட்டியில் மிளகாய் வைத்தார், வீட்டுப் பாவனைக்கு மட்டும். பெயர் வைப்பதை விட்டுவிட்டார். தமிழ்க் குடும்பங்கள் கூடுகிற இடத்திலெல்லாம் என்னைப்பற்றி ஒரு கதை சொல்லுவார். "தம்பி பெண்சாதி எண்டாலும் எனக்குக் கூடப்பிறந்தவள். லீவு நாளிலை கஷ்டப்பட்டு என்ரை ஊத்தைச் சீலையளைத் தோய்ச்சவள். பாவம், அதாலை கன்றுகள் பட்டுப்போக, என்னைவிட அவள்தான் கூட அழுதவள்!" நான் வடைத் தட்டோடு எல்லோருக்கும் நடுவில் நிற்பேன். வடையை நீட்டுவேன்.

வீட்டில் கம்பளி இருக்கவில்லையா என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! அவருக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லையா? தோன்றியும் கேட்காமல் விட்டாரா? எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன்... எனக்குத் தெரியவில்லை.

மச்சாள் இப்போது இல்லை. அதனால்தான் எனக்கு எழுதத் தைரியம் வந்திருக்கிறது. வெட்கக்கேடு!

சொல்லவே முயலவில்லை என்று நினைக்காதீர்கள். ஒரு தரம் முயன்றேன். மகன் பிறந்து, என் பிரசவ லீவு முடிகிற சமயம். ஒரு மத்தியானம் குசினியில் நாங்கள் இருவரும் மட்டும். குழந்தை என் மடியில். மச்சாள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்.

"மச்சாள், கன்றுகள் பட்டுப்போன அண்டைக்கு..."

"அதையேன் இப்ப இழுக்கிறீர்?" அகப்பையைக் கீழே வைத்தார். "உண்மையைச் சொன்னால், அதுக்குப் பிறகு எனக்கு ஒரு ஆசையும் வரேல்லை பவானி. அதுவும் ஒருவகையிலை நல்லதுக்குத்தான். ஆசை இருந்தால்தானே எழும்பிப் போகச்சொல்லும்?"

நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன். அவரோ தாச்சியை இறக்கிவிட்டு, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சரி, என்ன சொல்ல வந்தனீர்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வேண்டிய அளவு நேரம் தந்தார்.

"திங்கக்கிழமை நான் வேலைக்குத் திரும்பவேணும் மச்சாள்," என்றேன். "இவனையும் நீங்கள்தான்..."

"அதுக்கென்ன, பாக்கிறன்," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன்.