ஒரு கையால் போட்ட காப்பி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. முன்பக்கம் பெரிய நிலைக்கண்ணாடியும் சிரித்த முகமுமாக விற்பனையாளர்கள் நிற்பார்கள். பின்பக்கம் சுழலும் தேய்ப்புக்கல், அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர், முக்காலியில் இவள். வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். பெரும்பகுதியை மெஷின் செய்துவிடும். கடைசி மயிரிழையைக் கல்லில் காட்டி முடிக்க விரல்தான் வேண்டும். அந்த விரல்கள் இருந்த வலது கையின் மணிக்கட்டைத்தான் அவள் உடைத்துக்கொண்டாள், கடையின் ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து.

முழங்கை வரை மாவுக்கட்டு. விரல் நுனிகள் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தன. அசையாமல் வீட்டில் இருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அவளுக்கு ஐம்பது நெருங்குகிறது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். விடியும்போது போவார், பிள்ளைகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு வருவார், பிற்பகலில் மறுபடி கிளம்புவார். சமையல், துணி துவைப்பது, வீடு கூட்டுவது எல்லாவற்றையும் அவரே ஏற்றுக்கொண்டார். முணுமுணுக்கவும் இல்லை, பெருமை பேசவும் இல்லை. காப்பியில் மட்டும்தான் தகராறு வந்தது.

அதுவரை அந்த வீட்டில் கரண்ட்டில் ஓடும் காப்பி மெஷின் ஒன்று இருந்தது. கட்டு போட்ட முதல் வாரமே, பழக்கமில்லாத இடது கையால் அதன் கண்ணாடி ஜாடியைக் கழுவப் போய், குழாயில் இடித்துச் சுக்குநூறாக்கிவிட்டாள். அந்த மாடலுக்கு இப்போது ஜாடி வருவதில்லை என்று கடையில் கையை விரித்தார்கள். அவர் ஒரு பாட்டில் உடனடிக் காப்பித்தூள் வாங்கி வந்தார். அவரைப் பொறுத்தவரை சூடாகவும் கறுப்பாகவும் இருந்தால் அது காப்பி.

அவள் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, ஜாடி இல்லாமல் நின்ற அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக அதில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், தூள் போட்டிருக்கிறாள், பட்டனை அமுக்கியிருக்கிறாள். உள்ளே அது என்னதான் செய்தது? ஒரு லென்ஸில் எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவளுக்கு, தினமும் குடித்தது எப்படி உண்டானது என்பது தெரியவில்லை. அது அவளை உறுத்தியது. வேலை இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அவளிடம் இருந்ததும் ஒரு கைதான்.

எதிர்வீட்டில் இருந்த நர்ஸ் பெண், விரல் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது வருவாள். அவளிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, தன் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த ஒரு சாமான் பரணில் கிடக்கிறது என்றாள்.

"இன்னும் பெட்டியே பிரிக்கலக்கா. எங்க வீட்ல யாரும் காப்பி குடிக்கிறதில்ல. நீங்க வச்சுக்கங்க."

அது பிரெஞ்சு பிரெஸ் என்கிற கண்ணாடிக் குடுவை. தூளில் வெந்நீர் ஊற்றி, சற்று ஊறவிட்டு, மூடியோடு இருக்கும் வலைத்தட்டை மேலிருந்து கீழே அழுத்தினால், தூள் அடியில் தங்கிவிடும். காப்பியை மேலாக ஊற்றிக்கொள்ளலாம். அழுத்த ஒரு கை போதும் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கடையில் அரைத்து விற்கும் மைபோன்ற தூளைப் போட்டாள். ஊறவிட்டாள். அழுத்தினாள். தட்டு பாதி வழியில் நின்றுவிட்டது. விடுவாளா? குதிகாலைத் தூக்கி உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தாள். குடுவையின் மூக்கு வழியே காப்பி பீய்ச்சி அடித்து மாவுக்கட்டின் மேல் விழுந்தது. நல்லவேளை, தோலில் படவில்லை. ஆனால் கட்டு பிரிக்கும் வரை அந்தப் பழுப்புக் கறையைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அவள் கதை சொல்ல வேண்டியிருந்தது.

துடைத்துக்கொண்டே யோசித்தாள். கடையில் தேய்ப்புக்கல்லின் அடியில் மாவுபோல லென்ஸ் தூள் சேர்ந்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொள்ளும். கொரகொரப்பாக இருந்தால் அடைக்காது. இங்கேயும் அதே சங்கதிதான். அப்படியானால் தூள் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு வறுத்த கொட்டையை வாங்கி வீட்டிலேயே அரைக்க வேண்டும்.

அரைவை மெஷினுக்கு எங்கே போவது? நர்ஸ் பெண்தான் மேல்மாடிக் கப்பல்காரரிடம் இருக்கலாம் என்றாள். அவர் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாள். அந்தக் கட்டடத்தில் அவர் யாரிடமும் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. படியில் செருப்பு கிடந்தால் மட்டும் குரல் வரும். இவள் கட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கதவு சங்கிலி அளவுக்கு மட்டும் திறந்தது.

காப்பிக்கொட்டை அரைக்கிற மெஷின் ஏதாவது இருக்கிறதா அண்ணே என்று கேட்டாள். அவர் அவளையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். போய்விடலாமா என்று அவள் நினைத்தபோது, ஒரு கையில் கைப்பிடி வைத்த சிறிய அரைவையும் மறு கையில் எட்டுப் பட்டை வைத்த அலுமினியப் பாத்திரம் ஒன்றுமாக வந்தார்.

"இத மட்டும் தனியா குடுக்க மாட்டேன். ரெண்டும் ஒண்ணாவே இருந்ததுங்க."

அரைவையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை, சுற்ற ஒரு கை வேண்டும். அவள் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து அதை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றினாள். முதல் தடவை அரைவை நழுவி, கொட்டைகள் அடுப்பங்கரை எங்கும் ஓடின. பெருக்கியது கணவர். போகப் போகக் கை வசப்பட்டது. பதம் பார்க்க இடது கை விரல்கள் உதவவில்லை. அவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டுக்கு வெளியே நீண்டிருந்த வலது கை விரல் நுனிகளில் தூளை வைத்து உருட்டிப் பார்த்தாள். அவற்றுக்கு உடனே தெரிந்தது.

இந்தமுறை வலைத்தட்டு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. நல்ல காப்பி. கனமாக, வாய் நிறைய இருந்தது. கடைசி வாயில் மட்டும் வண்டல் நெருடியது. அடுத்த நாள், மிச்சத்தைக் குடுவையிலேயே விட்டுவிட்டு மகளோடு போனில் பேசிவிட்டு வந்து குடித்தால் ஒரே கசப்பு. ஓ, அழுத்திய பிறகும் தூள் தண்ணீருக்குள்தானே இருக்கிறது, அதன் வேலையை அது நிறுத்தவில்லை என்று புரிந்தது. அப்படியென்றால் அழுத்துவதால் ஆவதென்ன? அழுத்தாமலே விட்டுப் பார்த்தாள். சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து, தூள் தானாக அடங்கிய பிறகு, தட்டை மேலாகவே நிறுத்திவைத்து மெல்லச் சாய்த்தாள். வண்டல் குறைந்தது. இதைக் கணவரிடம் சொன்னபோது, காப்பி குடித்தால் போதாதா, பரீட்சை வேறு வைக்க வேண்டுமா என்றார்.

அந்த எட்டுப் பட்டைப் பாத்திரத்துக்கு மோக்கா என்று பெயர். அடிப்பாகத்தில் தண்ணீர், நடுவே தூள், மேல்பாகத்தைத் திருகி மூடி அடுப்பில் வைக்க வேண்டும். ஒரு கையால் எப்படித் திருகுவது? அடிப்பாகத்தை மேசை டிராயருக்குள் வைத்து, டிராயரை இடுப்பால் தள்ளி நெருக்கிப் பிடித்தாள். பட்டை பட்டையாக இருந்ததால் அது சுழலவில்லை. மேல்பாகம் திருகிக்கொண்டு உட்கார்ந்தது. தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு அடுப்பை முழுசாக எரியவிட்டாள். சீறலும் தீய்ந்த வாடையும் கிளம்பிய சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கப்பல்காரர்.

"தீ அதிகம். மாடி வரைக்கும் வருது வாடை."

சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு நேரே அடுப்பங்கரைக்கு வந்தார். தூளை அமுக்கக்கூடாது, வெறுமனே நிரவ வேண்டும் என்றார். சிறு தீ போதும். கீழே ஆவி திரண்டு தண்ணீரை மேலே தள்ளும். மேலே வரும் காப்பி கருந்தேன் நிறத்திலிருந்து வெளுக்க ஆரம்பித்து, பாத்திரம் துப்பத் தொடங்கினால் உடனே இறக்கிவிட வேண்டும். பக்கத்தில் இருந்த சின்ன வால்வைத் தொட்டுக் காட்டி, இது அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள், எங்கள் எஞ்சின் அறையிலும் இதைத்தான் முதலில் பார்ப்போம் என்றார். அவர் இவ்வளவு பேசி அந்தக் கட்டடம் கேட்டதில்லை. அவள் போட்டுக் கொடுத்த கறுப்புக் காப்பியை இரண்டே வாயில் குடித்துவிட்டு மாடியேறினார்.

மூன்றாவது சாமான் கணவர் மூலம் வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாவிடம் மனைவியின் கூத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த அம்மா தன் அலமாரியிலிருந்து ஒரு பீங்கான் கூம்பும், அதற்குள் வைக்கும் வடிதாள் கட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கோப்பைமேல் கூம்பு, கூம்புக்குள் தாள், தாளுக்குள் தூள். மேலிருந்து வெந்நீரை மெல்ல ஊற்ற வேண்டும். பார்க்க எதுவுமே இல்லாத சாமான். அதுதான் அவளை அதிகம் படுத்தியது. இடது கை நடுங்கியதில் தண்ணீர் ஒரே பக்கமாக விழுந்து குழி பறித்து, அந்த வழியாகவே ஓடிவிட்டது. கோப்பையில் வந்தது புளித்த வெந்நீர். பிறகு ஒரு கரண்டியைக் குப்புறக் கூம்பின் விளிம்பில் சாய்த்து வைத்து, அதன் முதுகில் ஊற்றினாள். தண்ணீர் பரவலாக, சத்தமில்லாமல் இறங்கியது. புதிதாக அரைத்த தூள் முதல் தண்ணீர் பட்டதும் குமிழிவிட்டு உப்பி எழுந்தது. பழைய தூளில் ஊற்றிப் பார்த்தாள். அது செத்த மண்போலக் கிடந்தது. நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாள். வறுக்கும்போது உள்ளே சிக்கிய வாயுதான் வெளியே வருகிறது, நாளாக ஆக அது போய்விடும் என்று அவள் எங்கோ படித்ததைச் சொன்னாள்.

ஒரே கொட்டை, ஒரே தண்ணீர். மூன்று சாமானில் மூன்று விதமாக வருகிறது. இது தன் நாக்கின் பிரமையா, நிஜமா? அந்தச் சந்தேகம் வந்த பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேன் விட்டு வந்த கணவரை உட்கார வைத்து, மூன்று கோப்பைகளை எதிரே வைத்தாள். எல்லாம் ஒன்றுதான் என்று வழக்கம்போல ஆரம்பித்தவரிடம், கண்ணை மூடிக்கொண்டு குடியுங்கள் என்றாள். அவர் தன் டிரைவர் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இது மேல்வீட்டுது. நாக்குல ஒட்டிக்குது." அடுத்ததை எடுத்தார். "இது அந்தக் கூம்பு. தண்ணி மாதிரி உள்ள போயிட்டு அப்புறமா மணக்குது. இது எதிர்வீட்டுப் பொண்ணோடது, அடியில மண்ணு."

அவள் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் சரியாகச் சொன்னார். இன்னொரு தரமும். தொப்பிக்கு அடியில் தெரிந்த அந்த வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத வாய்.

"இவ்ளோ தெரியுதுல்ல? அப்புறம் ஏன் எப்பவும் எல்லாம் ஒண்ணுதான்னு சொன்னீங்க?"

அவர் தொப்பியைத் தூக்கினார். "நீ எப்படி இருக்குன்னு கேட்டதில்லையே. நல்லாருக்கான்னுதான் கேப்ப. எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சு."

அன்றிலிருந்து அவள் கேள்வியை மாற்றிக்கொண்டாள். அவரும் வாய் திறந்தார், திறந்தபின் மூடவில்லை. தூள் இன்னும் கொஞ்சம் பொடியாக இருக்கலாம் என்பார். இன்றைக்குத் தண்ணீர் ஆறிப்போயிருந்தது என்பார். நீங்களே போடுங்களேன் என்றால் போட்டார். காலை இடைவேளை நேரம் முழுக்க இதே வழக்காக ஓடியது. பாத்திரம் கழுவுவது மட்டும் இன்னும் அவர் தலையில்தான்.

கட்டு பிரித்த சமயத்தில்தான் வினை வந்தது. கப்பல்காரர் வாசலில் நின்று, படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, தானும் மறுபடி போட்டுக் குடிக்கலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அரைவையும் மோக்காவும் ஜோடியாக மாடியேறின. அந்த வாரமே நர்ஸ் பெண் அசடு வழிய வந்தாள். இங்கே ஒருநாள் வாங்கிப்போன காப்பியை அவள் மாமியார் ருசி பார்த்துவிட்டாராம், இப்போது அந்தக் குடுவையைக் கேட்கிறாராம். பள்ளிக்கூடத்து அம்மாவுக்கு நன்றிக்காகக் கணவர் ஃபிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்த காப்பியும் தப்பாகிப்போனது. குடித்து முடித்துவிட்டு, அந்தக் கூம்பு இப்போது தேவைப்படுகிறதா என்று கேட்டிருக்கிறாள். யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியுமா? அடுப்பங்கரை மேடை காலியாகிவிட்டது.

ஒரு நாள் மாலை இருவரும் காப்பிச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். அலமாரி நிறையக் கண்ணாடியும் உலோகமுமாக இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, மெலிந்துபோன வலது கையால் திருகிப் பார்த்தாள், தூக்கிப் பார்த்தாள். மோக்காவைத் திருக மணிக்கட்டு இன்னும் ஒத்துழைக்கவில்லை. பிரெஸ்ஸை அவர் எடுத்து நீட்டினார். சுலபம், ஆனால் உள்ளே நடப்பது தெரியாது என்று அவள் திருப்பி வைத்தாள். கடைசியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கூம்பை எடுத்தாள். நாம் ஊற்றுவதற்கு ஏற்றபடி, கண்ணெதிரே, திறந்த பாத்திரத்தில் எல்லாம் நடக்கும். இன்று ஏன் இப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்லும். கணவர் மறுக்கவில்லை, அரைவையை மட்டும் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தார்.

வேலைக்குத் திரும்பியதும் முதலாளி அவளைப் பாதி நாள் முன்பக்கத்தில் உட்கார வைத்தார், வருகிறவர்களுக்கு ஃபிரேமைக் காதில் பொருத்திச் சரிசெய்ய. மீதி நேரம் கல்லில். மணிக்கட்டு முன்போலச் சுழலவில்லை, ஆனால் விரல் நுனிகள் மறக்கவில்லை. ஒரு நாள் வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பியைக் கோப்பையில் ஊற்றிவிட்டு வேலையில் மறந்துபோனாள். ஜில்லென்று ஆனபின் குடித்தவள், கோப்பையை உற்றுப் பார்த்தாள். சர்க்கரை போடவில்லை. ஆனால் இனித்தது. சூடாக இருந்தபோது இல்லாத, ஏதோ பழத்தின் வாசனைகூட இருந்தது.

அந்த வாரப் பள்ளி விடுமுறையில் இருவரும் காப்பி போட்டு இரண்டு கோப்பைகளை ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை நீட்டினாள். அவர் தன் கோப்பையின் வயிற்றைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார்.