வலது வாய்க்கால்

கள்ளக்குறிச்சியில் கல்லூரி முடிந்து, பகல் பஸ்ஸில் வந்து அணைக்கட்டில் இறங்கினேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வாய்க்கால் கரையிலேயே ஒரு மணி நேர நடை. மூன்று வருடமாக நடக்கிற வழிதான். அன்று மதகுப் பக்கம் இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வறண்டு கிடந்த வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திறப்புப் பூஜைக்குப் போட்ட சாமந்திப் பூக்கள் ஓரச் சுழலில் சுற்றிக்கொண்டிருந்தன.

அது எங்கள் வாய்க்கால். அதில் அன்று தண்ணீர் வராது என்று தெருவுக்கே சொன்னவள் நான்.

இரண்டு நாளுக்கு முன்பு ஊராட்சி அலுவலகச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம் வரும். எனக்கும் அது பிடிக்கும். குழாயடிப் பெண்கள் கேட்கும்படி சத்தமாகவே படித்தேன். வலது பிரதானக் கால்வாயில் வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் திறக்கப்படும், யாரும் உள்ளே இறங்கக் கூடாது என்று போட்டிருந்தது.

எங்கள் பக்கம் வலது, இடது என்று யாரும் சொல்வதில்லை. ஒன்று மில் வாய்க்கால், இன்னொன்று கோயில் வாய்க்கால். அம்மா கேட்டாள்: "நம்முளுது எதுடி?"

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் வழி சொல்பவர்கள் கல்வராயன் மலையைப் பார்த்து நின்றுதான் கை காட்டுவார்கள். அப்படி நின்றால் எங்கள் மில் வாய்க்கால் இடது கைப் பக்கம். "நம்முளுது எடதும்மா. வலதுன்னா கோயில் வாய்க்கா. நீங்க பாட்டுக்குப் புல்லுக்குப் போங்க" என்றேன்.

அன்று மதகு மேல், அதைத் திறந்து மூடும் லஸ்கர் அண்ணன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா, வலதுலதான தொறக்கறதா போட்டிருந்தீங்க? இது எடதாச்சே."

"எடதா? யாரு சொன்னா?"

"மலையப் பாத்து நின்னா எடதாண்டதானங்க வருது."

அவர் சிரித்துவிட்டார். "மலைய ஏம்மா பாக்கற? தண்ணி போற பக்கம் திரும்பி நில்லு. அதான் கணக்கு. எந்த அணைக்கும் அப்டித்தான்."

திரும்பி நின்றேன். மலை முதுகுக்குப் போனது. வாய்க்கால் வலது கைக்கு வந்துவிட்டது.

"அண்ணா, மூடுங்கண்ணா. எங்கம்மா உள்ள இருக்காங்க. பழைய மில்லாண்ட, மூடுபாலத்துக்கு உள்ள."

அவர் சிரிப்பு நின்றது. "ஆபீசருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு ஷட்டர எறக்கறேன். ஆனா போன தண்ணி போனதுதாம்மா. கால் மணி ஆச்சு. மொதத் தண்ணி ஆளு நடக்கற வேகந்தான் போவும். நீ நடக்காத, ஓடு."

ஓடினேன். ஓடிக்கொண்டே அம்மாவுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. புல்லறுக்கப் போகும்போது போனை வீட்டில்தான் வைத்துவிட்டுப் போவாள்.

இரண்டாவது வளைவில் முதல் தண்ணீரைப் பிடித்தேன். அது தண்ணீர் மாதிரியே இல்லை. சருகு, பாட்டில், நுரை, செத்த எலி எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு பழுப்பாக ஊர்ந்து வந்தது. சிமெண்டு பூசிய இடத்தில் என்னைத் தாண்டிப் போயிற்று. மண் தூர்ந்து கோரை முளைத்த இடத்தில் நின்று, நிரம்பி, மறுபடி கிளம்பியது. அது நிற்கிற இடத்தில் நான் முந்தினேன். கரையில் கருவேல முள் அடைத்திருந்த இடங்களில் அது முந்தியது. திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும் என்று நினைப்பேன். பத்தடிக்கு ஒரு தரம் பார்ப்பேன்.

மில் பள்ளம் வந்தது. ஒரு காலத்தில் அங்கே வரிசையாக ஜவ்வரிசி மில்கள். மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக் கிழங்கு இறங்கும். இப்போது கூரைத் தகடு கழற்றிய சுவர்களும், மாவு காயவைத்த களங்களில் வெடிப்பு விட்ட சிமெண்டும்தான். லாரி திரும்புவதற்காக அந்த நாளில் வாய்க்கால் மேல் நாற்பதடிக்குப் பலகைக்கல் போட்டு மூடிவிட்டார்கள். அதுதான் மூடுபாலம். உள்ளே பாதி மண் தூர்ந்து, குனிந்துதான் போக முடியும். புரட்டாசி வெயிலுக்கு அவ்வளவு குளுமையான இடம் வேறு கிடையாது. புல்லறுத்த பெண்கள் கட்டுகளை வெளியே போட்டுவிட்டு அதற்குள் சாய்ந்துகொள்வார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதன் மேல்பக்க வாயருகில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அத்தையும் கூட இரண்டு பேரும். மூவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி வருது! மேல ஏறுங்க!"

"வாடி காலேஜிக்காரி" என்றாள் அத்தை. "இன்னாத்துக்கு நாய் தொரத்தனாப்புல ஓடியார?"

"தண்ணி அத்த, தண்ணி வருது!"

"இதுல எங்கடி வருது? நீதான படிச்சி சொன்ன, நம்ம வாய்க்கா இல்லன்னு."

"மாத்திட்டாங்கத்த."

அந்த நேரத்திலும் என் வாயில் பொய்தான் வந்தது.

"மாத்திருந்தா மைக்கு கட்டிக்கினு வந்து சொல்ல மாட்டாங்களா? எங்கள எழுப்பி உட்டுட்டு நீ படுக்கப் பாக்கறியா?" மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தி காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டாள்.

வாய்க்காலின் மேல்பக்கம் கோரைக்குள் சலசலப்புக் கேட்டது. எனக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

"மாத்தல. நான்தான் தப்பா சொன்னேன். எனக்கு வலது எது, எடது எதுன்னு தெரியலத்த. தெரியாமத்தான் சொன்னேன். ஏந்திரிங்க!"

அத்தை என் முகத்தைப் பார்த்தாள். வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். மற்ற இருவரும் கத்திக்கொண்டே கரையில் ஏறினார்கள்.

"எங்கம்மா எங்க?"

"அந்தக் கோடியில படுத்துக்கினு இருக்குதுடி!"

அம்மாவைக் கூப்பிட்டுப் பயனில்லை. பதினோரு வருடம் கிழங்கு அரைக்கிற மிஷின் பக்கத்தில் நின்றவள். காது மந்தம். நான் குனிந்து உள்ளே போனேன். மண்டை கல்லில் இடித்தது. நடுப்பகுதிக்கு வந்தபோது பின்னால் இருந்த வெளிச்சம் மங்கியது. முதுகில் சில்லென்று காற்று பட்டது. தண்ணீருக்கு முன்னால் அந்தக் காற்று வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து, "இன்னாடி, வூட்டுக்குப் போவல?" என்றாள்.

காதருகில் கத்தினேன். "தண்ணிம்மா!"

"நம்ம வாய்க்கா இல்லன்னியே."

"நம்முளுதுதான். தப்பு என்னுது. நவுரு!"

அவள் சட்டென்று புரண்டாள். கையை ஊன்றித் தவழ்ந்து கீழ்ப்பக்க வாயை நோக்கிப் போனாள். நான் பின்னாலேயே தள்ளினேன். வெளியே வந்தபோது குப்பை கணுக்காலில் மோதியது. கரையில் பிடிக்கப் புல் கூட இல்லை, அவர்களே அறுத்திருந்தார்கள். மூடுபாலத்தின் மேலேயே ஓடி வந்த அத்தை கரையில் குப்புறப் படுத்து இரண்டு கையையும் நீட்டினாள். முதலில் அம்மா. பிறகு நான். அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

மூடுபாலத்தின் வாய் நிரம்பிக்கொண்டே வந்தது. கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண், பிறகு நாலு விரல், பிறகு ஒன்றுமில்லை. புல்லுக்கட்டுகளில் இரண்டு மிதந்து போயின. யாரும் எட்டிப் பிடிக்கவில்லை.

"காலேஜில சோத்துக் கை எது, பீச்சாங் கை எதுன்னு சொல்லித் தர மாட்டாங்களாடி?" என்றாள் அத்தை.

அம்மா விரலை நீட்டி எங்களை ஒவ்வொருவராக எண்ணினாள். கடைசியில் தன் மார்பைத் தொட்டு, ஐந்து என்றாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.