மொழிபெயர்ப்பு என்று நான் சேர்த்த வரி

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் ப்ரூஃப் பார்த்தேன். எத்தனையோ மேட்டர் என் உயிரை வாங்கியிருக்கிறது. ஆனால் பதினாலே வரி உள்ள ஒரு பழைய இங்கிலீஷ் காதல் கவிதை படுத்திய பாடு இருக்கிறதே, அது தனி.

கல்லூரிப் பாடப் புத்தகம். தொகுத்தவர் பொன்னேரிப் பேராசிரியர் ஒருவர். கவிதைக்குக் கீழே அது வெளிவந்த கதையையும் எழுதியிருந்தார். ஒரு பெண் தன் காதலருக்குத் தெரியாமலே எழுதி வைத்த கவிதை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அவரிடம் காட்டினார். அச்சில் போட்டே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். சொந்தக் காதல் ஊருக்குத் தெரிய வேண்டாமென்று, வேற்றுமொழிக் கவிதையின் மொழிபெயர்ப்பு என்று சொல்லி வெளியிட்டார்கள்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு ரூல். மொழிபெயர்த்த மேட்டர் என்றால் தலைப்புக்குக் கீழே அதைச் சொல்லும் வரி கட்டாயம். நான் குறிப்பில் 'மொழிபெயர்ப்பு' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் பார்த்தேன், சிவப்பு மையில் 'மொழிபெயர்ப்பு என்று சேர்க்கவும்' என்று எழுதினேன்.

டிடிபி பார்க்கும் செல்வி ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். எழுந்தே வந்துவிட்டாள்.

"சார், இது சும்மா அப்டி சொல்லிக்கினாங்கன்னு தானே போட்டுக்குது? அந்தம்மா சொந்தமா எழுதினது சார்."

"ரூல் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? சொன்னதப் போடு."

போட்டாள். அச்சாகி பைண்டிங்குக்குப் போன அன்று மத்தியானம் பேராசிரியர் வந்து ஒரு பிரதியைப் புரட்டினார்.

"அந்தம்மா வெக்கப்பட்டு சொன்ன பொய்ய நீங்க நெஜமாவே ஆக்கிட்டீங்களேய்யா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "இன்னா பேஜாரு இது? டைப் அடிச்சது யாரு, செல்வியா? நாளைலேர்ந்து நீ வர வேணாம்."

செல்வி என்னை ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். சிவப்பு மை ப்ரூஃப் என் மேஜை டிராயரில் இருந்தது. ரிடையராக எனக்கு நாலே மாசம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். கவிதை எழுதிய அந்த அம்மாளாவது தன் காதலை மறைத்தார். நான் என் முட்டாள்தனத்தை ஒரு பெண்ணின் தலையில் கட்டப் பார்த்தேன். நினைக்க நினைக்க என் மேலேயே எரிச்சல் வந்தது.

ப்ரூஃபை எடுத்து வந்து மேனேஜர் முன்னால் வைத்தேன். "என் கையெழுத்து சார். அந்தப் பொண்ணு வேணாம்னுதான் சொல்லிச்சு."

செல்வியின் வேலை தப்பியது. பிரதி பிரதியாகத் திருத்தச் சீட்டு ஒட்டும் வேலை எனக்கு வந்தது. ஒரு வாரம் விரலெல்லாம் பசை.

புதிதாக ப்ரூஃப் பார்க்க வருகிறவர்களே, ரூலைப் பார்ப்பதற்கு முன்னால் மேட்டரை முழுசாகப் படியுங்கள். தப்பு நேர்ந்தால் உங்கள் பேரை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

ஒட்ட ஆரம்பிக்கும் முன்னால், திருத்தச் சீட்டின் வாசகத்தை நானே எழுதி டைப் அடிக்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செல்வி வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டாள்:

"இது நீங்க சொந்தமா எழுதினதா சார், இல்ல மொழிபெயர்ப்புன்னு போடட்டுமா?"