கிணற்று மேட்டில் எனக்குக் கிடைத்த வேலை

தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த நாள்முதல் எனக்கு ஒரே ஆசைதான்: கயிற்றில் தொங்கிக் கிணற்றுக்குள் இறங்க வேண்டும். காரிமங்கலம் பக்கத்து வறண்ட கிணறு ஒன்றில் மீட்புப் பயிற்சி வைத்தார்கள். ஆள் பிரிக்கும்போது அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"யோவ், உனக்குத்தான் வாய் இருக்குதே. நீ மேல நின்னு, உள்ள குதிக்க வர்ற சொந்தக்காரங்களப் புடி."

பள்ளிக்கூடத்தைவிட டீக்கடையில் அதிகம் படித்தவன் நான். யார் பழமொழி சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் ஒன்றை அவிழ்த்துவிடுவேன். இந்த வேலை அதற்குத் தண்டனை என்றே நினைத்தேன்.

விழுந்தவருக்குப் பதில் உள்ளே ஒரு மணல் மூட்டை. முதலில் எரிகிற விளக்கு ஒன்றைக் கட்டி இறக்குவோம். அணைந்தால் கீழே காற்று கெட்டிருக்கிறது. பிறகு மூச்சுக்கருவி மாட்டிய ஒருவர் இறங்குவார். அவர் கயிற்றை மூன்று முறை சுண்டினால்தான் மேலே இருப்பவர்கள் தூக்க வேண்டும். சக ஊழியர் ஒருவர் விழுந்தவரின் அண்ணனாக நடித்தார். கூத்துக்குப் போயிருந்தால் பேர் வாங்கியிருப்பார்.

"அய்யோ, எந்தம்பி! உடுய்யா என்ன!"

"பதறாத காரியம் செதறாதுங்கண்ணா..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் என் கைக்கடியில் நுழைந்து கிணற்றோரம் போய்விட்டார்.

"கெணத்துல இருந்தது ஒருத்தரு. உன் பழமொழியால இப்ப ரெண்டு பேரு" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் நானும்.

சில வாரம் கழித்து, பாப்பாரப்பட்டிக்கு வெளியே ஒரு விவசாயக் காட்டிலிருந்து அழைப்பு. அண்ணன் தம்பி இருவரும் கிணறு தூர்வார, டீசல் இன்ஜினை உள்ளே பாதிப் படியில் வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். டீசல் தீர்ந்து இன்ஜின் நின்றதும் தம்பி பார்க்கப் போனார். அடைந்து கிடந்த புகையில் படியிலேயே சாய்ந்துவிட்டார். நாங்கள் போனபோது முனகல் மட்டும் கேட்டது. நாங்கள் இறக்கிய விளக்கு பாதி ஆழத்தில் அணைந்தது.

அண்ணன் இடுப்பில் கயிறு கட்டி, இறங்க ஒரு காலை வைத்துவிட்டார். பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தேன்.

"அண்ணா, ஆழந் தெரியாம கால..."

"பழமொழி சொல்ற நேரமாய்யா இது? உள்ள கெடக்கறது எந்தம்பிய்யா!" என்றவர் என் மணிக்கட்டைக் கடித்தார்.

அவர் திமிறிய திமிறலில் இன்னும் ஒரு நொடி என்னால் பிடித்திருக்க முடியாது. அப்போது வாயில் வந்தது எந்தப் பழமொழியும் இல்லை.

"தூக்க ஆள் பத்தலைங்கண்ணா. இந்தக் கயிறப் புடிங்க."

மீட்புக் கயிற்றின் வால்முனையை அவர் கையில் திணித்தேன். திமிறல் நின்றது.

"மூணு தடவ சுண்டுனாத்தான் இழுக்கணும். முன்னாடியே இழுத்தா முடிச்சு எறுகாது, தம்பி நழுவிருவாரு. சரிங்களா?"

தலையை ஆட்டினார். எங்கள் ஆட்கள் இருவர் முன்னால், அவர் பின்னால். மூச்சுக்கருவியோடு கீழே போன எங்கள் ஆள் நாற்காலி முடிச்சைத் தம்பியின் அக்குளிலும் தொடையிலும் மாட்டும்வரை கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். கயிறு ஒருமுறை சுண்டியது. அண்ணனின் தோள் பின்னால் போனது. "இருங்கண்ணா" என்றேன். இரண்டாவது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை. மூன்றாவது வந்ததும் அவர் இழுத்த இழுப்பில் முன்னால் நின்ற எங்கள் ஆட்களே தடுமாறினார்கள்.

தம்பி தலை தொங்க மேலே வந்தார். கொஞ்ச நேரத்தில் இருமினார். அந்த இருமலைக் கேட்டுத்தான் அண்ணன் கயிற்றை விட்டார்.

ஆம்புலன்சில் ஏறும்போது என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"இது... நானாங்க கடிச்சது?"

"மாடு முட்டிருச்சுங்க. நீங்க ஏறுங்க, தம்பி தேடுவாரு."

அடுத்த பயிற்சியில், "இந்தத் தடவ கீழ எறங்கறியா?" என்று அதிகாரி தானாகவே கேட்டார்.

"மேலயே நிக்கறேன் சார். கயிறு மட்டும் கொஞ்சம் நீளமா வேணும். வர்றவங்க கையில குடுக்க."