கன்னடத்தில் பேசினால் பேச்சில் சேராது

மைசூரில் அந்தப் பெண்கள் கல்லூரியின் கால்பந்து அணி இந்த வருடம் எப்படி என்று யாரிடம் விசாரித்தாலும், முன்வரிசை பிரமாதம் என்பார்கள். நடுவரிசைக்கும் குறை சொல்ல மாட்டார்கள். டிஃபென்ஸ் எப்படி என்று கேட்டால் மட்டும், டீ சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். போன வருடம் வாங்கிய கோல்களின் லட்சணம் அப்படி. அத்தனையும் விழுந்தது ஸ்ரீதேவியின் தலையில், ஏனென்றால் அவள்தான் கோல்கீப்பர். முன்னால் நான்கு பேர் கோட்டை விட்டாலும் வலையிலிருந்து பந்தைப் பொறுக்கி எடுப்பவள் ஒருத்திதானே, ஊருக்கு அவள் முகம்தான் ஞாபகம் இருக்கும்.

ஸ்ரீதேவியின் அப்பா ரத்தினவேல், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து மைசூரிலேயே தங்கிவிட்டவர். விஜயநகரில் பாதி வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டியது அவர்தான் என்று அம்மா பொன்னம்மா பெருமையடித்துக்கொள்வாள். பாதி என்பது கொஞ்சம் அதிகம், ஆனால் கட்டிய புருஷனைப் பற்றிச் சொல்லும்போது யார் அளந்து சொல்கிறார்கள்? பள்ளி விடுமுறையில் ஸ்ரீதேவியும் வேலை நடக்கும் இடத்துக்குப் போவாள். கீழே நிற்பவர் செங்கல்லை ஒவ்வொன்றாக மேலே வீசுவார். சாரத்தில் நிற்பவர் பிடித்து அடுக்குவார். தடுத்தாலும் கேட்காமல் அவளும் ஏறி நின்று பிடிப்பாள். கல்லூரிக்கு வந்த முதல் வருடம் பி.டி. மேடம் கௌரம்மா, பந்தைக் கண்டு பயப்படாதவள் யார் என்று மைதானத்தில் கேட்டபோது, கை தூக்கியவள் ஸ்ரீதேவி மட்டும்தான். செங்கல் பிடித்துப் பழகிய கைக்குப் பந்து பஞ்சு மாதிரி இருந்தது.

இது அவளுக்குக் கடைசி வருடம். அதற்குப் பிறகு வேலை, அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சு என்று வரிசையாக வந்து நிற்கும். ஆகவே இந்த ஒரு சீசனாவது தலை நிமிர்ந்து ஆடிவிட்டுப் போக வேண்டும் என்று அவள் தவியாய்த் தவித்தாள். ஆசை இருந்து என்ன செய்வது? அவளுக்கு முன்னால் நடுவில் நிற்கும் இரண்டு ஸ்டாப்பர்களும் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள்.

நிர்மலா, சக்தி என்று அவர்களுக்குப் பெயர். இரண்டு பேரும் மார்டள்ளிக்காரிகள், கர்நாடகத்துக்குள்ளேயே வீட்டில் தமிழ் பேசும் ஊர் அது. இருவருடைய தாத்தாக்களும் உடன்பிறந்தவர்கள், ஆக பங்காளி வழியில் அக்கா தங்கை. நிர்மலா ஒரு வயது மூத்தவள். ஊர்ப் பள்ளி மைதானத்தில் சேர்ந்தே ஆடி வளர்ந்த ஜோடி என்பதால்தான் கௌரம்மா மேடம் கண்ணை மூடிக்கொண்டு இருவரையும் நடுவில் நிறுத்தினார். ஜோடி நிஜமாகவே அருமையான ஜோடி, போன வருடம் சக்தியின் கூடப்பிறந்த அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

பங்காளி வீட்டுக்கு அழைப்பு வைப்பதென்றால் அவர்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் போக வேண்டும். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைத் தட்டில் வைத்து, வாசலில் நின்றபடி இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்து, வாய் நிறையக் கூப்பிட வேண்டும். சக்தியின் அப்பா சித்தையன் கல்யாண அலைச்சலில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, பக்கத்துத் தெருதானே, பங்காளிதானே, நம் வீட்டு ஆள்தானே என்று பத்திரிகையைப் படம் பிடித்து போனில் அனுப்பிவிட்டார். நெருக்கத்தில் செய்த காரியம்தான். ஆனால் நிர்மலாவின் அப்பா நஞ்சுண்டசாமி அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து ஊர் ராமாபுரத்து மளிகைக்கடைக்காரருக்கு நேரில் போய்த் தட்டு வைத்தவன் எனக்குப் போனில் அனுப்புகிறானா என்று கேட்டார். கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பெரியவர்கள் நிறுத்திய பேச்சைப் பெண்கள் இரண்டு பேரும் மைசூர் வரைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து மைதானத்தில் இறக்கிவைத்தார்கள்.

பேசாத வீடுகளில் ஆளுக்கு நேராகச் சொல்லாமல் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள், மாட்டைப் பார்த்துச் சொல்வார்கள். மைதானத்தில் சுவரும் இல்லை, மாடும் இல்லை. ஸ்ரீதேவிதான் இருந்தாள்.

"ஸ்ரீ, அவள அக்கட்டால போகச் சொல்லு," என்பாள் நிர்மலா.

"போயிட்டுத்தான் இருக்கறேன்னு சொல்லு. கண்ணு தெரியுதான்னும் ஒரு வார்த்த கேளு," என்பாள் சக்தி.

ஸ்ரீதேவி இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சேர்ப்பதற்குள் பந்து அவளையே தாண்டி வலைக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். போன வருடக் கோல்களில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான். அதை வெளியே சொல்லவும் முடியாது. எங்கள் ஸ்டாப்பர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை சரியாக வரவில்லை, அதனால் தோற்றோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

புது வருடப் பயிற்சி தொடங்கியதும் அவள் இருவரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டுப் பார்த்தாள்.

"எங்கப்பா பேசாதேன்னு எல்லாஞ் சொல்லல," என்றாள் நிர்மலா. "ஆனா நான் மொதல்ல வாயத் தொறந்தா, எங்கப்பாவே எறங்கி வந்தாப்பல ஆயிரும். அப்புறம் அவரு மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

சக்திக்கும் அவள் பங்குக்கு ஒரு நியாயம் இருந்தது. "எங்கப்பா செஞ்சது தப்புத்தான். இல்லீன்னு சொல்லல. அதுக்காவப் பந்தல்ல பங்காளி எடம் காலியாக் கெடக்கலாமா? எங்கம்மா அன்னைக்கு அழுதது எனக்குத்தான் தெரியும். நானாப் போயிப் பேசமாட்டேன்."

இரண்டையும் கேட்ட ஸ்ரீதேவிக்கு இரண்டுமே சரியாகத்தான் பட்டது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒருத்தி மேல் தப்பு இருந்தால் அவளைத் திட்டித் தீர்த்துவிடலாம்.

இதற்கிடையில் வலது பக்கம் ஆடும் மாதேவி போய் மேடத்திடம் முறையிட்டாள். அவள் நஞ்சன்கூட்டுப் பெண், தமிழ் தெரியாது. இவர்கள் மூன்று பேரும் பின்னால் நின்று ஓயாமல் தமிழில் ஏதோ பேசுகிறார்கள், பந்து எங்கே வருகிறது என்று எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை என்றாள். கௌரம்மா மேடம் அன்றைக்கே ஸ்ரீதேவியைக் கூப்பிட்டார். இனி மைதானத்தில் எல்லோரும் கன்னடத்தில்தான் கத்த வேண்டும் என்றார். அதோடு விடவில்லை. ஹாசனிலிருந்து இந்த வருடம் சேர்ந்த நெட்டைப் பெண்ணைக் காட்டி, அவளும் கீப்பர்தான் என்றார்.

"போன வருஷ சாம்பியன்களோட அடுத்த வாரம் பிராக்டிஸ் மேட்ச் வச்சிருக்கேன். அன்னைக்கும் நம்ம டிஃபென்ஸ் சல்லடை மாதிரி ஒழுகினா, சீசனுக்கு அவளைத்தான் நிறுத்துவேன். வருத்தப்படாதே, ஸ்ரீதேவி," என்று கன்னடத்தில் மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் அதிகமாகச் சுட்டது.

ஸ்ரீதேவி அன்று வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சாப்பிடவில்லை. பயமாக இருந்தது. வலைக்கு முன்னால் நிற்காத தன்னை அவளால் நினைத்தே பார்க்க முடியவில்லை. மேடம் சொன்னதையே மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான், அந்த உத்தரவிலேயே ஒரு சந்து இருப்பது அவள் கண்ணில் பட்டது. மறுநாள் பயிற்சிக்கு முன்னால் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தினாள். அவர்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க ரெண்டு வீட்டுலயும் பேச்சு நின்னுச்சே, எந்த பாஷையில நின்னுச்சு?"

இதென்ன கேள்வி என்பது போல நிர்மலா அவளைப் பார்த்தாள். "தமிழ்லதான். எங்கூட்ல வேற என்ன பேசறோம்?"

"அல்வா மத்தே, அதானே? சண்டையும் தமிழ்ல, கோவமும் தமிழ்ல. கன்னடத்துல உங்களுக்குள்ள என்ன தகராறு? சின்ன வயசுலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் கன்னடத்துல ஒரு வார்த்தை பேசிக்கிட்டது உண்டா? இல்லைல்ல. அப்ப அது இந்தக் கணக்குலயே வராது. கிரவுண்டுல கன்னடத்துல பேசினா பேசினதா ஆகாது."

சக்தி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றாள். நிர்மலா பெரிய வக்கீல் போல யோசித்தாள். இரண்டு பேருக்குமே உள்ளூர ஆசை இல்லாமல் இல்லை, ஒரு சாக்குத்தான் வேண்டியிருந்தது. கடைசியில் நிர்மலா ஸ்ரீதேவியைப் பார்த்தே சொன்னாள்.

"செரி. ஆனா நான் பேர் சொல்லிக் கூப்புடமாட்டேன்."

"நானும் அக்கான்னு சொல்லமாட்டேன். அதையுஞ் சேத்துச் சொல்லீரு," என்றாள் சக்தி.

அப்படித்தான் ஜெர்சி எண்கள் பெயர்களாயின. நான்காம் எண் நிர்மலா நால்கு, ஐந்தாம் எண் சக்தி ஐது. நால்கு, ஈ கடே, அதாவது இந்தப் பக்கம். ஐது, ஹிந்தே நோடு, அதாவது பின்னால் பார். முதல் நாள் ஏதோ பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பவர்கள் போல விறைப்பாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். போகப் போக விறைப்பு தளர்ந்தது. மேலே ஏறும்போது சேர்ந்து ஏறினார்கள், ஒருத்தி முன்னால் பாய்ந்தால் மற்றவள் பின்னால் இறங்கி நின்றாள். மாதேவிக்கும் எல்லாம் புரிந்ததால் வலது பக்கமும் அடைபட்டது. ஸ்ரீதேவிக்கு நடப்பதை நம்பவே பயமாக இருந்தது. கண் பட்டுவிடுமோ என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

மேட்ச் அன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. சாம்பியன்கள் வந்து இறங்கிய தோரணையிலேயே போன வருட நினைப்பு தெரிந்தது. முதல் பாதியில் விழுந்து விழுந்து அடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நால்கும் ஐதும் கதவை இழுத்துச் சாத்தியது போல நின்றார்கள். இடையில் தப்பி வந்த இரண்டொரு பந்துகளை ஸ்ரீதேவி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள். கோட்டுக்கு வெளியே குடை பிடித்து நின்ற கௌரம்மா மேடத்தின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை. பக்கத்தில் அந்த ஹாசன் பெண் உட்கார்ந்திருப்பது தெரியும்.

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போனபோது அது நடந்தது. எதிரணிக்காரி ஒருத்தி நடுவிலிருந்து பந்தை உயரத் தூக்கிப் போட்டாள். சக்தி அண்ணாந்து பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு முன்வரிசைக்காரி பாய்ந்து வந்துகொண்டிருந்ததை நிர்மலா பார்த்துவிட்டாள். கன்னடத்தைத் தேட நேரமில்லை, எண்ணைத் தேடவும் நேரமில்லை. சின்ன வயதிலிருந்து எது வாயில் வருமோ அதுதான் வந்தது.

"சக்தி, பொறத்தாலடி!"

சக்தி திரும்பினாள். ஆனால் பின்னால் திரும்பவில்லை. பந்தை விட்டாள், வந்துகொண்டிருந்தவளை விட்டாள், தன் பெயரைச் சொன்ன அக்காவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்தக் குரலில் ஒரு வருடமாகக் கேட்காத பெயர், வேறு என்ன செய்வாள்? வந்தவள் பந்தை வாங்கி ஓங்கி உதைத்தாள். ஸ்ரீதேவி பக்கவாட்டில் பாய்ந்தாள், விரல் நுனியில் பட்டது, பட்டும் நிற்காமல் பந்து வலைக்குள் போய்விட்டது.

சேற்றில் குப்புறக் கிடந்த ஸ்ரீதேவிக்கு முதலில் தோன்றியது, போச்சு, எல்லாம் போச்சு என்பதுதான். அப்போது தலைக்கு மேலே சத்தம் கேட்டது.

"ஏனக்கா பேரச் சொன்னே? நம்பரச் சொல்லீருந்தா நான் பாட்டுக்குப் பொறத்தால பாத்திருப்பேன்ல?"

"நம்பர யோசிச்சுட்டு நின்னா அவ கோலே போட்டுருப்பாடி."

"இப்ப மட்டும் என்ன போடாம போயிட்டாளா?"

"பேரச் சொன்னா மூஞ்சியவே பாத்துட்டு நிப்பியா? கழுத, சின்ன வயசுலயும் இப்படித்தான்."

"நீ எத்தன நாள் கழிச்சுக் கூப்புட்டே, பாக்காம என்ன பண்றதாமா?" என்று கேட்ட சக்தியின் குரல் பாதியில் உடைந்தது. நிர்மலா ஜெர்சிக் கையால் தன் கண்ணைத் துடைத்தாள், பிறகு அதே சேற்றுக் கையால் தங்கையின் முகத்தையும் துடைத்துவிட்டாள். எதிரணியினர் கொண்டாடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கோல் வாங்கிய கீப்பர் சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

மிச்சமிருந்த ஆட்டத்தில் மேடத்தின் கன்னட உத்தரவு காற்றில் பறந்தது. மாதேவிக்கு மட்டும் கன்னடம், மற்றபடி எல்லாம் மார்டள்ளித் தமிழ். அக்கட்டால போ, இக்கட்டால வா, உடாதே, புடி என்று அந்தப் பாதி மைதானமே சந்தைக்கடையாக இருந்தது. சாம்பியன்கள் முட்டி முட்டிப் பார்த்தும் அதற்குப் பிறகு ஸ்ரீதேவியின் கைக்குப் பெரிதாக வேலையே வரவில்லை. இவர்கள் முன்வரிசைக்காரி ஒருத்தி கடைசியில் ஒரு கோல் போட்டதால் ஆட்டம் சமனில் முடிந்தது.

விசில் அடித்ததும் கௌரம்மா மேடம் குடையை மடக்கிக்கொண்டு நேராக வலையை நோக்கி வந்தார். பின்னாலேயே அந்த ஹாசன் பெண்ணும் வந்தாள். மேடம் எதிரில் வந்து நின்று ஏதோ சொன்னார். நிர்மலாவும் சக்தியும் இரண்டு பக்கமும் நின்று, அந்தக் கோல் யார் தப்பு என்று இன்னும் உச்சக் குரலில் வழக்காடிக்கொண்டிருந்ததால் அவள் காதில் ஒன்றும் விழவில்லை. மேடம் மறுபடியும் சொன்னார். அதுவும் விழவில்லை.

"ஒரு நிமிஷம் வாய மூடுங்கடி ரெண்டு பேரும்," என்று ஸ்ரீதேவி கத்தினாள். "மேடம் என்னமோ சொல்றாங்க."

இருவரும் கப்சிப் ஆனார்கள். கௌரம்மா மேடம் மூன்றாவது முறையாக, இந்தத் தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்.

"முதல் மேட்ச்சுக்கு நீதான் கீப்பர்னு சொன்னேன்."