இடுப்புக்கு அடியில் ஒரு துண்டு

கல்யாணமான வருடம், வடகரையிலிருந்த மாமனார் வீட்டார் என்னைச் சாரல் குளிக்கக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார்கள். அருவிக்கரைப் பாறையில் நின்று சட்டையைக் கழற்றினேன். போச்சு, மானமே போச்சு!

"ஏலே, எல்லாரும் இங்கன வந்து பாருங்கலே! எங்க மாப்ளைக்கு இது எத்தனாவது மாசம்?" என்று கூவினான் என் மனைவியின் அண்ணன். தினமும் தண்டால் எடுக்கிறவன். வயிறு பலகை மாதிரி இருக்கும். கூட்டமே சிரித்தது. என் மனைவி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"அடுத்த சாரலுக்கு இதே பாறையில பாப்போம் மச்சான்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, தென்காசியில் எனக்குப் பாத்திரக்கடை. கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்த தொந்தி. காலையில் பாயில் மல்லாந்து படுத்துக் காலைத் தூக்க ஆரம்பித்தேன்.

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "காலைத் தூக்குதீங்க சரி, இடுப்பும் கூடவே எந்திரிக்கே? கீழ பெருச்சாளியே நொழஞ்சு போயிரும்."

ஒரு துண்டை இடுப்புக்கு அடியில் விரித்து இழுத்தாள். சுளுவாகக் கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அந்தச் சோதனைதான்; அவள் இழுத்தால் துண்டு வரக்கூடாது. மூச்சை விட்டபடி தொப்புளை உள்ளே இழுத்து முதுகைத் தரையோடு அழுத்த வேண்டும். முதலில் முழங்காலை மடக்கித்தான் தூக்க முடிந்தது. பிறகு நீட்டிய காலைத் தூக்கப் பழகினேன். இறக்கும்போதுதான் உயிர் போகும். பொத்தென்று போடாமல் மெல்ல இறக்க வேண்டும்.

மறுவருடச் சாரலும் வந்தது. "காலைத் தூக்கி எறக்கையில இடுப்புக்கு அடியில கெடக்க துண்டு உருவி வரப்படாது, அதான் போட்டி" என்று அதே பாறையில் மச்சானிடம் சொன்னேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்காமல் யார் அருவிக்குப் போவார்கள்? இரண்டு பேர் முதுகிலும் எண்ணெய் வழிந்தது. இதில் துண்டு எப்படி நிற்கும்?

மச்சான் முதலில் படுத்தான். காலை விசுக் விசுக்கென்று வீசினான். தங்கை ஒரு இழுப்புதான் இழுத்தாள்; துண்டு வந்துவிட்டது.

"எண்ணெ வழுக்குதுட்டி!"

"அவுகளுக்கும் அதே எண்ணெதான் அண்ணே."

என் முறை. காலை மெல்ல உயர்த்தி, மெல்ல இறக்கினேன். பெண்டாட்டிதானே, பார்த்து இழுப்பாள் என்று நினைத்தேன். அடிப்பாவி, பாறையில் காலை ஊன்றி, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் இழுத்தாள்! நான் தொப்புளை விடவில்லை.

டர்ரென்று துண்டு கிழிந்தது. பாதி என் முதுகுக்கு அடியில் அப்படியே கிடந்தது. மறுபாதியை அவள் அண்ணன் மடியில் வீசினாள்.

"மாசம் கேட்டியே அண்ணே, பிள்ளை பொறந்திட்டு! இந்தா, தொட்டில் கட்டு!"