தும்பாங் கரண்டு

புஷ்பவள்ளியின் வீட்டுக்குச் சொந்த மீட்டர் கிடையாது. பக்கத்து வீட்டுக் காளியண்ணன் முன்பு தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் என்பதால் அவர் வீட்டில் மட்டும் ஒன்று இருந்தது. தோட்டம் கைமாறியபின், மற்ற வீடுகளுக்கு இணைப்புக் கேட்டபோது புது முதலாளி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். காளியண்ணன் தன் கூரையிலிருந்து மூன்று வீடுகளுக்கு ஒயர் இழுத்துவிட்டார். அடுத்தவர் காரில் ஏறிக்கொள்வதற்கும், அடுத்தவர் வீட்டில் ஒண்டிக்கொள்வதற்கும் சொல்லும் மலாய்ச் சொல்லே இதற்கும் பெயரானது: தும்பாங்.

"என் சீவியமே தும்பாங்தான்லா," என்று புஷ்பவள்ளி சிரிப்பாள். செம்பனைக் காட்டுக்கு அவள் போனது அடுத்தவர் லோரியில். மகள் அன்பரசி பள்ளிக்குப் போனது மீன்காரர் வேனில். முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து புல்லுக்கு அடித்த காலமெல்லாம் மூக்கில் ஒரு துண்டைக் கட்டியிருப்பாள், வேர்த்தால் அவிழ்த்துவிடுவாள். நுரையீரல் அப்படித்தான் போனது. கடைசியில் கட்டிலருகே ஓர் ஆக்சிஜன் இயந்திரம் வந்து சேர்ந்தது. அது இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது, காளியண்ணன் வீட்டுக் கரண்டில்.

தோட்டத்து வீட்டு வரிசையான அந்த லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் பெண் அன்பரசி. புஞ்சாக் ஆலாமில், மின்வாரியத்துக்குக் குத்தகை வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வேலை. புதுவகை மீட்டர்கள் அரை மணிக்கொரு தரம் அனுப்பும் அளவுகளை அங்கே மென்பொருள் சலித்தெடுக்கும். எந்த வீட்டில் திருட்டு, எந்த வீடு காலி, புயலடித்தால் எந்தக் கம்பியை முதலில் சரிசெய்வது என்பதையெல்லாம் அதுவே பிரித்துச் சொல்லும். அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள அவளுக்கு இடமில்லை. மூன்று பெண்களோடு ஒரே அறையில் இருந்தாள்.

ஒரு நாள் காளியண்ணன் மீட்டர் எண்மேல் சிவப்புக் குறி விழுந்தது. திருட்டுச் சந்தேகம்.

"அன்பு, இது உங்க ஏரியா தானே?" என்று மேலாளர் சசிகுமார் எட்டிப் பார்த்தார். "லயத்து வீட்டுல இவ்வளவு கரண்டா? ஐஸ் ஃபாக்டரி நடத்துறாங்களா?"

உண்மையைச் சொன்னால் மறுவாரமே ஆள் வந்து ஒயர்களை அறுத்துவிடுவார்கள்.

"ஒரே வீடுதான் சார். கூட்டுக் குடும்பம். ஆள் ஜாஸ்தி."

"அப்ப அப்படியே போட்டு விடு."

'ஒரே வீடு, பெரிய குடும்பம்' என்று பதிந்தாள். சிவப்புக் குறி மறைந்தது.

அன்று மாலை அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"படிக்கவெச்சது பொய் சொல்லவா?" என்றாள் புஷ்பவள்ளி, மூச்சு வாங்க. பிறகு, "நல்லா சொன்னியா? நம்புனானா?" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், தஞ்சோங் காராங்கிலிருந்து கடற்கரை நெடுகக் காற்று மரங்களைச் சாய்த்தது. மென்பொருள் பழுதுபார்க்கும் வரிசையைத் திரையில் அடுக்கியது. பாகான் நக்கோடா ஓமார்ப் பக்கத்து மீனவர் வீடுகள் மேலே இருந்தன. நெல் ஆலையும் கடைத்தெருவும் அடுத்து வந்தன. லயத்துக் கம்பி அடியில் கிடந்தது. பயனாளர்: ஒரு வீடு. நோயாளி: இல்லை.

அவள் எழுதியதை அது அப்படியே நம்பியிருந்தது.

காளியண்ணனை அழைத்தாள்.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு பாப்பா. சின்ன சிலிண்டர மாட்டி விட்டிருக்கேன். முள்ளு பாதிக்குக் கீழ வந்துருச்சு."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க மாமா."

"பாதையில மரம் விழுந்து கெடக்கு. கடைசி வீட்டு நல்லசாமியும் பசங்களும் வெட்டுறாங்க."

அவள் சசிகுமார் மேசைக்கு ஓடினாள். "சார், அது ஒரு வீடு இல்ல. நாலு வீடு. மூணு தும்பாங். எங்கம்மா அங்க ஆக்சிஜன்ல இருக்காங்க."

சசிகுமார் தொலைபேசியை எடுத்தார். "ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் கட்டுப்பாட்டு அறையை அழைத்தார். பழுதுபார்ப்புக் குழு கடலோரத்துக்குப் போய்விட்டிருந்தது. திருப்பிவிடுகிறோம் என்றார்கள்.

திருப்பியும் விட்டார்கள். மஞ்சள் உடுப்புக்காரர்கள் கம்பத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே அன்பரசியும் வந்து இறங்கினாள். வெட்டிய மரம் பாதையோரம் கிடந்தது. அரிவாளோடு நின்ற நல்லசாமி அவளைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். உள்ளே அம்மாவின் வாயைக் காளியண்ணன் மனைவி துணியால் கட்டிக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் கரண்டு வந்தது. இயந்திரம் தானாக உறுமத் தொடங்கியது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் அன்பரசிதான் எழுந்து போய் நிறுத்தினாள்.

கருமாதி முடிந்து வேலைக்குத் திரும்பியவள் அந்த மீட்டரைத் திறந்து பார்த்தாள். இயந்திரம் ஓடிய நாட்களில் இரவும் பகலும் சரியாமல் ஓடிய கோடு, இப்போது கீழே இறங்கிக் கிடந்தது. மென்பொருள் பச்சைக் குறி போட்டிருந்தது: இயல்பு.

பயனாளர் கட்டத்தில் இன்னமும் ஒரு வீடுதான். அவள் மட்டுமல்ல, சசிகுமாரும் அதைத் திருத்தவில்லை. திருத்தினால் மற்ற இரண்டு வீடுகளும் இருட்டாகிவிடும். திருத்தாவிட்டால் அடுத்த காற்றிலும் அந்தக் கம்பி அடியில்தான் கிடக்கும்.

கைப்பேசி அடித்தது. காளியண்ணன்.

"பாப்பா, ஒங்கம்மா வீட்டு ஒயரு சும்மா தொங்குது. கழட்டிரவா?"

"கழட்டிருங்க மாமா."

அடுத்த அரை மணி அளவு வரும்வரை அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோடு அசையவில்லை.